அவரைக்கு ஊன்றிய குச்சி

அந்தச் செடியை நான் ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பதியில் எங்கள் தெருவில் இன்றைக்கும் என்னைப் பூச்செடிப் பைத்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவரைக்காய். மார்கழியில் பிஞ்சு அவரையைப் பறித்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்ய வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒரு திட்டமும் கிடையாது.

திருத்தணிப் பக்கத்திலிருந்து நாங்கள் இங்கே குடிவந்தது கணவரின் வேலைக்காக. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் திருப்பதியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். நான் வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைக்கிறேன். வாடகைக்கென்றாலும் தனி வீடு, சுற்றிலும் கொஞ்சம் மண் இருக்கிறது. மண்ணைச் சும்மா போட்டுவைக்க எனக்கு மனசு வராது. கேட்டுக்குப் பக்கத்து மூலையில் அவரை விதை போட்டேன். ஆவணியில் கொடி வீச ஆரம்பித்தது. ஏறுவதற்கு ஏதாவது ஊன்ற வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, கணவரோடு வேலை செய்பவர் ஒருவருக்குச் சாந்திபுரத்தில் கல்யாணம். நண்பர்கள் காரில் போனோம். திரும்பும் வழியில் ரோட்டோரம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு புதர் நின்றது. பூ ஒன்றுமில்லை. ஆனால் கட்டைவிரல் பருமனில் நேர் நேராகக் கிளைகள். கணவர் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மளமளவென்று ஒடித்து டிக்கியில் போட்டார். கொடிக்குக் காய்ந்த குச்சியைத்தான் ஊன்ற வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"பச்சையா கீதே, மொளச்சிக்கினு வரப் போவுது" என்றேன்.

"ரோட்டு மேல கெடக்கிற குச்சி. அதெல்லாம் மொளைக்காது" என்றார் அவர்.

இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் கல்யாணத்துக்கு வந்த மனிதர். அவரோடு வாதாடுவானேன் என்று ஊன்றிவிட்டேன்.

முளைத்தது. சும்மா முளைக்கவில்லை. போட்டி போட்டுக்கொண்டு முளைத்தது. அவரை ஒரு சுற்று சுற்றுவதற்குள் குச்சி இரண்டு கிளை விட்டது. அடுத்த வருஷம் புரட்டாசி வந்தபோது அந்த மூலையில் அவரை இருந்த சுவடே இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு காடு நின்றது. கை விரித்த மாதிரி அகலமான இலைகள், கிள்ளினால் மூக்கில் ஏறும் கசப்பு வாசனை. பிடுங்கிப் போடலாம் என்று ஒரு நாள் மண்வெட்டியோடு போனேன். அன்றைக்குத்தான் மொட்டைப் பார்த்தேன். சரி, பூத்துத் தொலையட்டும், பார்த்துவிட்டுப் பிடுங்கலாம் என்று விட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் பூத்தது. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அந்த மஞ்சளை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் நூல் நிறம் பார்த்துப் பிழைக்கிறவள். என் நூல் டப்பாவில் உள்ள எந்த மஞ்சளும் அதோடு ஒட்டவில்லை. பெரிய நூல் கடைக்கு ஒரு பூவைக் கையோடு கொண்டுபோய்க் கேட்டேன். கடைக்காரர் எல்லா உருண்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெயில் பட்டால் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம், இதற்கு நூல் கிடையாது என்று கைவிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு மண்வெட்டி ஞாபகமே வரவில்லை.

அதன் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், "அடவி பொத்துதிருகுடு" என்று பெயர் வைத்தார், காட்டுச் சூரியகாந்தி என்று அர்த்தம். கணவர் போனில் படம் பிடித்துக் காட்டிக் கேட்டார். போனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் இதற்குப் பங்காளிகளாம். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு பூவே இல்லையாம், நடுவில் உள்ள பொட்டு முழுக்கப் பொடிப் பொடிப் பூக்களாம். ஊசியில் நூல் கோர்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான், நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தன, தரிசன வரிசை மாதிரி.

அதுவரைக்கும் அந்தத் தெருவில் நான் 'அரவ ஆமெ', அதாவது தமிழ்க்காரி. அவ்வளவுதான் என் பெயர். கெட்ட மனசோடு சொல்லவில்லை, ஆனால் அதற்கு மேல் பேச்சும் கிடையாது. கேட்டில் பார்த்தால் சிரிப்பார்கள், போய்விடுவார்கள். கணவர் பகலில் தூங்குவார் அல்லது வேலையில் இருப்பார். நாள் முழுக்க நான் பேசியது தையல் மிஷினோடு மட்டும்தான் என்று சில நாள் இருந்திருக்கிறது. எனக்குப் பேசாமல் இருக்க வராது. அந்த முதல் வருஷம் எனக்கு உள்ளுக்குள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மார்கழி பிறந்தது. இங்கே அதைத் தனுர்மாசம் என்பார்கள். வாசலில் பெரிய கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்து வைத்து, அதன் தலையில் பூ வைப்பார்கள். எங்கள் ஊரிலும் உண்டு. இங்கே அந்த உருண்டைக்குக் கொப்பெம்மா என்று பெயர், கௌரம்மாவாக நினைத்துக் கும்பிடுகிறார்கள். பூசணிப் பூதான் வைக்க வேண்டும். டவுனில் தினமும் பூசணிப் பூவுக்கு எங்கே போவது? நான் என் வாசல் உருண்டைக்குச் செடியிலிருந்து ஒன்றைப் பறித்து வைத்தேன். எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து வந்து குனிந்து பார்த்தார். மறுநாள் விடிகாலையில் ஒரு தட்டோடு கேட்டில் நின்றார். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள்.

தை பிறப்பதற்குள் தெருவே என் செடியில்தான் பூப்பறித்தது. பூப்பறிக்க வருகிறவர்கள் பூ மட்டும் பறிப்பார்களா? நின்று பேசுவார்கள். நான் பாதி தெலுங்கிலும் அவர்கள் பாதி தமிழிலும் பேசி, மாமியார், மருமகள், கேஸ் சிலிண்டர் என்று எல்லா விஷயமும் நடந்தது. பேச்சோடு பேச்சாகப் பிளவுஸ் துணியும் வந்தது. வழி கேட்கிறவர்களிடம் ஆட்டோக்காரர்களே "பசுப்பு பூல இல்லு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள், மஞ்சள் பூ வீடு. கூகுள் மேப்பில் எங்கள் சந்து கிடையாது. அதற்குப் பதில் என் செடி இருந்தது.

இப்படி நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அடுத்த தனுர்மாசத்தில், ஓனர் வந்தார். சித்தூரில் இருக்கிறார், நம் தமிழ்தான் பேசுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். குழாய் ரிப்பேர் என்றால் மறுநாளே ஆளை அனுப்பிவிடுவார். ஒரே ஒரு கோளாறுதான் உண்டு, அது வாஸ்து. அன்றைக்கு வந்தவர் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை, போனைக் கையில் நீட்டிப் பிடித்துத் திசை பார்த்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னாமா இது?"

"செடி சார்."

"செடின்னு தெரியுது. யாரு வெக்கச் சொன்னது?"

"யாரும் வெக்கல சார். அவரைக்கு ஊணின குச்சி."

பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். முகம் சிவந்துவிட்டது.

"இது ஈசானிய மூலைமா. காலியா வுடணும். இப்டி காடாட்டம் வளத்து வெச்சிக்கினு கீறியே. நானு வூட்ல கண்ணாலத்துக்குப் பொண்ண வெச்சிக்கினு கீறேன்."

அவர் மகள் சித்தூரில் ஒரு பேங்கில் வேலை பார்த்தாள். முப்பதை நெருங்கிவிட்டாள். வருகிற வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்காக அவர் சித்தூர் வீட்டில் சமையலறையை இடித்து இடம் மாற்றினார், ஒரு ஜன்னலை மூடினார், கேட்டைத் திருப்பி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாஸ்து பார்ப்பவர் கடைசியில், உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அந்த வேறு வீட்டில்தான் நான் குடியிருந்தேன்.

"பொண்ணு சித்தூர்ல கீது, செடி திருப்பதில கீது. ரெண்டுத்துக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"பட்டா எம் பேர்லதானே கீது" என்றார்.

அன்றைக்கே வெட்டிவிடச் சொன்னார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெலுங்கில் பிடித்தார் ஒரு பிடி. தனுர்மாசத்தில் கௌரம்மா தலைக்குப் போகும் பூவை வெட்டினால் கன்னிப் பெண் இருக்கும் வீட்டுக்கு ஆகுமா, எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது, காட்டு என்றார். ஓனர் ஆடிப்போய்விட்டார். வாஸ்துவுக்குப் பயப்படுகிறவர் கௌரம்மாவுக்குப் பயப்படாமல் இருப்பாரா? சங்கராந்தி முடியட்டும், அப்புறம் நானே வந்து வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் தெருவில் கொப்பெம்மாக்களுக்குத் தலை கொள்ளாமல் பூ. சாகப்போகிற செடி என்று தெரிந்தே எல்லாரும் வைத்தார்கள். நான் ஒவ்வொரு காலையும் செடியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு குச்சிக்காக மனுஷி இப்படி ஆவாளா என்று என்மேலேயே எரிச்சலாக இருக்கும். செடி போனால் தெருவும் போய்விடும், பழையபடி மிஷினோடுதான் பேச வேண்டும் என்று பயந்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கனுமு, அதாவது மாட்டுப் பொங்கல் அன்று பயணம் போகக் கூடாது என்பதால் மறுநாள் ஓனர் வந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். மகள் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அவள் மேலும் கோபம்தான். கேட்டருகில் நின்று பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓனர் லுங்கியை மடித்துக் கட்டி, கொண்டுவந்திருந்த கத்தியால் அடியோடு வெட்டினார். வேரையும் தோண்டி எடுத்தார். வெட்டி முடித்தபின் கிளைகளை இலை உருவிச் சீராக்கி, கயிற்றால் கட்டினார்.

"இத இன்னா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"நேரா கீதேமா. பீர்க்கங் கொடிக்கு ஊணுவேன்."

வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "சார், அது காயாது. ஊணினா மொளைக்கும். எங்க வூட்டுல அப்டித்தான் ஆச்சு."

"நானு பாக்காத குச்சியா?" என்றார்.

குச்சிக் கட்டைத் தூக்கி டிக்கியில் வைத்தார்கள். மகள் தரையில் கிடந்த ஒரு பூவை எடுத்து, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

மூலை மொட்டையாக நின்றது. புது வாடிக்கைக்காரிகள் சந்து தெரியாமல் போனில் கூப்பிட்டார்கள். ஒருத்தி இரண்டு தெரு சுற்றிவிட்டு வெயிலில் கோபமாக வந்து சேர்ந்தாள். ஒன்று மட்டும் நான் பயந்தபடி நடக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் தட்டில்லாமலே வந்து கேட்டில் சாய்ந்து நின்று பேசினார். பேசிக்கொண்டே அந்த மூலையைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன்.

மாசியில் ஓனர் போன் செய்தார். குரலிலேயே கல்யாணக் களை. மகளுக்கு நிச்சயமாகிவிட்டது, பையனும் பேங்க்தான், நல்ல குடும்பம். "பாத்தியாமா? மூலைய காலி பண்ணினோம், கூடி வந்துடுச்சி" என்றார். அந்தப் பெண்ணுக்கு நல்லது நடந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் போனை வைத்தபின் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ் கையை மொத்தமாகப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. வாஸ்துவுக்கு எதிராக இனி நான் வாயைத் திறக்க முடியாதே என்ற ஆத்திரம்.

மழைக் காலம் தொடங்கியபோது அந்த மகள் கல்யாணப் பிளவுஸ் துணிகளோடு என் வீட்டுக்கே வந்தாள். சித்தூரில் டைலருக்கா பஞ்சம்? அளவு எடுக்கும்போது தோளைக் கல் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தோள வுடும்மா" என்றேன்.

"அக்கா, உங்க செடிக்கு நாந்தான் காரணம்" என்றாள்.

"வாஸ்துக்கு நீ இன்னா பண்ணுவே?"

"வாஸ்துலாம் இல்லக்கா. வந்த மாப்பிள்ளைங்கள எல்லாம் நாந்தான் தட்டி வுட்டுக்கினு இருந்தேன். வேணாம்னு சொன்னா நைனா காதுல ஏறாது. அதனால வந்தவங்ககிட்டயே பேசுவேன். ஒத்தர்கிட்ட எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னேன். இன்னொத்தர்கிட்ட தெரியும், ஆனா செய்ய மாட்டேன்னேன்."

இப்போது நிச்சயமான பையன் அவள் பேங்கிலேயே வேலை செய்பவன். இரண்டு பேருக்கும் எப்போதோ பிடித்துப் போயிற்று. பையனின் அம்மாதான் மனசு இறங்கவில்லை. அந்த அம்மாள் தையில் இறங்கிவந்தார், யாரோ தரகர் மூலம் வந்த வரன் மாதிரி பையன் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். ஓனர் தையில்தான் செடியை வெட்டினார். அவரைப் பொறுத்தவரை கணக்குச் சரியாகிவிட்டது.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். "அப்போ எஞ் செடி?"

"சும்மாதான் போச்சுக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் அப்பா இடித்த சமையலறையும் மூடிய ஜன்னலும் ஞாபகம் வந்து, எனக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. கணவர் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, என்ன என்று கேட்டார். சொல்லவில்லை.

போகும்போது கேட்டேன். "அந்தக் குச்சியெல்லாம் இன்னா ஆச்சு?"

"பிளவுஸ் எடுத்துக்கினு வர்றப்போ பாருங்க" என்றாள்.

கல்யாணம் கார்த்திகையில். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது பிளவுஸ்களைப் போட்டுப் பார்க்கச் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். சந்திரகிரிக் கோட்டை, மாந்தோப்புகள் எல்லாம் ஜன்னலில் போயின, என் மனசு எதிலும் நிற்கவில்லை. இறங்கி, அவள் சொன்ன தெருவில் திரும்பியதுமே வீட்டு நம்பர் தேவைப்படவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே, நூல் கடையில் கிடைக்காத அந்த மஞ்சள் நின்றது. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தேன், கேட் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். சந்தேகமே இல்லை. அசல் ஈசானிய மூலை.

மகள் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கே கட்டுலேர்ந்து ஒண்ண உருவி ஊணிட்டேன். மல்லிக் கொடிக்குன்னு சொன்னேன். நைனா ஒண்ணும் கேக்கல."

"இப்போ பாத்துட்டு வெட்டாம வுட்டாரா?"

"வெட்டத்தான் போனாரு. வாஸ்துக்காரரு வேணாம்னுட்டாரு. நிச்சயம் ஆன வூட்ல கண்ணாலம் முடியற வரைக்கும் பச்ச மரத்துல கத்தி வெக்கக் கூடாதாம்."

அந்த வாஸ்துக்காரரை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுப்பேன்.

பிளவுஸ்கள் பொருந்தின. கையில் மட்டும் கொஞ்சம் பிடித்தது, அங்கேயே உட்கார்ந்து சரி செய்தேன். ஜன்னலுக்கு வெளியே ஓனர் போனில் யாருக்கோ உரக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள், கங்காதர நெல்லூரிலிருந்து வருகிறவர்கள் போலிருந்தது.

"மேப்ப நம்பாதீங்க, அது வேற தெருவுல வுட்டுடும். உள்ள நேரா வாங்க. செவுத்து மேல மஞ்சப் பூவா பூத்துக்கினு கீதா? அதான் நம்ம வூடு. யார கேட்டாலும் மஞ்சப் பூ வூடுன்னு சொல்லுவாங்க."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பியவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாஸ்துவை விட முடியாது, நான் என் வாயை விட முடியாது. ஆனால் அன்றைக்கு, எப்படியோ, நான் ஒன்றும் சொல்லவில்லை. செடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாப்ட்டியாமா?"

"சாப்ட்டேன் சார்."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மூலைக்குப் போனார். கத்தி வைக்கக் கூடாது என்பதால் கையாலேயே, நேராக இருந்த ஒரு கிளையைப் பார்த்து ஒடித்தார். இலையை உருவினார். முனையில் இருந்த ஒரு மொட்டை மட்டும் விட்டுவைத்தார். என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குச்சி நல்லா கீது. அவரைக்கு ஊணிக்கோ" என்றார்.

"எந்த மூலைல சார்?"

"அவரைக்குத்தானே. எந்த மூலையானா இன்னா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் குச்சியை வாங்கி, அடியில் ஈரத் துணி சுற்றி, பஸ்ஸில் திருப்பதி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கையில் இருப்பது என்ன என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு பேருமாக அதே மூலையில் குழி தோண்டிக் குச்சியை ஊன்றினோம்.

அவரை விதை இன்னும் போடவில்லை.